மூடிய காட்டுக்குள் கூட்டிப் போகிறேன் என்கிறார், நம்பலாமா?

கேள்வி: திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கினேன். மூணாறு ராஜமலையில் வரையாட்டுக் குட்டிகளை, பின்னால் மலையும் மேகமும் தெரியும்படி எடுக்க ஆசை. பிப்ரவரியில் பூங்காவை மூடிவிடுவார்களாம். ஜீப் ஓட்டும் ஒருவர், ‘ஆறாயிரம் கொடுங்கள், எஸ்டேட் வழியாகக் கூட்டிப்போய் பிறந்த குட்டியைப் பத்தடியில் காட்டுகிறேன்’ என்கிறார். போகலாமா? என் லென்ஸ் போதுமா?

பதில்: போகாதீர்கள். லென்ஸ் தாராளமாகப் போதும். நீங்கள் நினைத்திருக்கும் படத்துக்கு அது கொஞ்சம் அதிகம் என்றே சொல்வேன்.

முதலில் ஜீப்காரர். ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பயணிகளுக்கு மூடுவதே அது குட்டி ஈனும் காலம் என்பதால்தான். வரையாட்டுக்கு ஆபத்து என்றால் ஒரே புகலிடம் செங்குத்துப் பாறை. ஆள் வாடை பட்டதும் தாய் பாறைச் சரிவுக்குப் பாயும். பிறந்து சில நாளான குட்டியும் பின்னாலேயே ஓடியாக வேண்டும். அது தடுமாறிப் பின்தங்கினால் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் வேலை மிச்சம். ‘பத்தடியில்’ என்று அவர் சொல்வதற்கு இதுதான் அர்த்தம்.

இந்த ஆட்கள் செய்யும் இன்னொரு வேலை, ஒரு பிடி கல்லுப்பைப் பாறையில் தூவிவிட்டு ‘இப்ப வரும் பாருங்க’ என்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள், விலங்கை விரட்டுவதும் தீனி காட்டி இழுப்பதும்கூட அடக்கம். துப்பாக்கி இருக்க வேண்டும் என்பதில்லை, உப்பே போதும். வரையாடு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கும் விலங்கு. பிடிபட்டால் ஜீப்காரர் ‘சவாரி கேட்டாங்க, வந்தேன்’ என்பார். கையில் கேமராவோடு நிற்பது நீங்கள்தான். மெமரி கார்டே சாட்சி சொல்லும்.

பணத்துக்காவது பலன் கிடைக்குமா என்றால் அதுவும் சந்தேகம். இப்படிப் போய்வந்த ஒருவர் பெருமையாக எனக்கு ஒரு படம் அனுப்பினார். பனிமூட்டம், பாறை, குட்டி, எல்லாம் அருமை. பெரிதாக்கிப் பார்த்தேன். குட்டியின் கழுத்தில் கயிறு தேய்ந்த தடம். யாரோ எஸ்டேட் லயத்தில் வளர்த்த ஆடு!

சரி, படத்துக்கு வருவோம். பூங்கா திறந்ததும் ஏப்ரலில் போங்கள். பிறந்த குட்டியைவிட இரண்டு மாதக் குட்டிதான் படத்துக்கு நல்லது. ஒன்று பாறை உச்சியில் ஏறி நிற்கும். இன்னொன்று முட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். நாலு காலும் தரையில் படாத அந்தக் கணத்துக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும்.

லென்ஸை 600-க்கு இழுக்கும் கையைக் கட்டிப் போடுங்கள். அதில் எடுத்தால் குட்டியின் முகமும் பின்னால் பச்சைக் குழம்பும்தான் வரும், மலை வராது. 150-லேயே நிறுத்துங்கள். கேமராவோடு வந்த சின்ன லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. குட்டி படத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கட்டும். அந்த மலைக்கு முன்னால் அது எவ்வளவு சின்னது என்பதுதானே நீங்கள் காட்ட நினைப்பது? அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவார அளவு, f/8 அல்லது f/11. மேகம் இறங்கினால் வெள்ளையைக் கண்டு மிரண்டு, கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். மற்ற நுணுக்கங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள், கிட்டே போகாதீர்கள் என்பது விதி. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதுவே உங்களிடம் வந்தால்? ராஜமலையில் வரும். பல வருடமாக மனிதர்களைப் பார்த்துப் பழகிய ஆடுகள், சாலை விளிம்புக்கே வந்து மேயும். அப்போது நீங்கள் விலகி ஓட வேண்டியதில்லை, நின்ற இடத்தில் நில்லுங்கள். ஆனால் அது இரண்டடி வந்தது என்பதற்காக நீங்கள் ஓரடி போகக் கூடாது. உட்காரலாம், ஆனால் மெதுவாக. கை நீட்டக் கூடாது. பிஸ்கட் உறை சரசரக்கக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் படத்தை மறந்துவிட்டு ஒதுங்குங்கள். தாய் மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறதா? அப்படியானால் விலக்கு அதோடு முடிந்தது. இன்னொன்று, உங்கள் பெரிய லென்ஸில் ரொம்பக் கிட்டே ஃபோகஸ் பிடிக்காமல் போகலாம். ஆடு காலடியில் நிற்கும்போது கைபேசியில் எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

‘முறைப்படி தனி அனுமதி வாங்கி உள்ளே போக முடியாதா’ என்று கேட்பீர்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது. தலைமை வனவிலங்குக் காப்பாளர் புகைப்படத்துக்கு அனுமதி தரலாம். நானும் ஒருமுறை வேறொரு சரணாலயத்தில் குட்டிகளை எடுக்க விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. அங்கே ஒரு கையெழுத்து குறைகிறது என்றார்கள். கையெழுத்திட வேண்டியவர் கூட்டத்தில் இருந்தார், அப்புறம் விடுப்பில் இருந்தார், அப்புறம் மாற்றலாகிப் போனார். அனுமதி கைக்கு வந்தபோது குட்டிகளுக்குக் கொம்பு முளைத்திருந்தது. நேர்வழியில் வருகிறவனை இப்படி அலைக்கழித்தால் ஜீப்காரர்கள் பிழைக்காமல் என்ன செய்வார்கள்?

அதனால் சாதாரண டிக்கெட்டே போதும். முன்பதிவு செய்துகொண்டு காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். கூட்டமும் குறைவு, வெளிச்சமும் சாய்வாக இருக்கும். உடுமலை, மறையூர் வழியாகப் போனால் உங்களுக்குச் சுருக்கம். ஆனால் நடுவில் சின்னார் சரணாலயம் வருவதால் இரவுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். லென்ஸ் துடைக்க இரண்டு துணி எடுத்துக்கொள்ளுங்கள், மேகம் ஈரம்.

ஜீப்காரருக்கு முன்பணம் ஏதும் அனுப்பிவிடவில்லையே? அனுப்பியிருந்தால் திரும்பக் கேட்டுப் பாருங்கள். வராது.