ஜிப்ஸிக்கு ராக் ஸ்லைடர்: தண்ணீர் பைப் போதுமா?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் பழைய மாருதி ஜிப்ஸி இருக்கிறது. தோட்டத்துக்கு மேலே பாறைத் தடத்தில் அடிக்கடி போவேன். போன மாதம் ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது கதவுக்குக் கீழே பாடி நசுங்கிவிட்டது. நானே ராக் ஸ்லைடர் செய்து மாட்டலாம் என்று இருக்கிறேன். கிரில் பட்டறைக்காரர் ஒன்றரை இன்ச் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய தண்ணீர் பைப், போதும் என்கிறார். நண்பர் சீம்லெஸ் (ஒட்டுக் கோடு இல்லாத பைப்) இல்லாமல் கை வைக்காதே என்கிறார். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் உண்டு, கேட், ஷெட் எல்லாம் வெல்டிங் அடித்த பழக்கமும் உண்டு. எந்த பைப், எந்த ராடு?"

ராக் ஸ்லைடர் என்பது கல்லில் உட்கார்ந்தாலும் பாடி நசுங்காமல் தாங்க, கதவுக்குக் கீழே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் மாட்டும் பைப் சட்டம். பட்டறைக்காரர் முக்கால்வாசி சரி. நண்பர் உங்கள் பணத்தைச் செலவழிக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் இதில் வண்டியைக் கெடுக்கக்கூடிய இடம் பைப் இல்லை. அந்த பைப்பை எதன்மேல், எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான், அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பைப். கடையில் ஒன்றரை இன்ச் என்று சொல்வது உள்துளையின் பெயரளவுக் கணக்கு, வெர்னியர் வைத்துப் பார்த்தால் வெளி விட்டம் 48.3 மிமீ இருக்கும். ஐஎஸ் 1239 என்ற இந்தியத் தரத்தில் வரும் பைப்பில் ஏ, பி, சி என்று மூன்று கிளாஸ் உண்டு, மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை போட்டிருப்பார்கள். ஒன்றரை இன்ச்சில் பி கிளாஸ் சுவர் 3.2 மிமீ, சி கிளாஸ் 4 மிமீ. பட்டையை மட்டும் நம்பாதீர்கள், வெட்டிய முனையில் நாலு இடத்தில் அளந்து பாருங்கள். கேட்டுக்கும் கைப்பிடிக்கும் விற்கிற 2 மிமீ பைப் பார்ப்பதற்கு இதே மாதிரிதான் இருக்கும், கல்லில் உட்கார்ந்தால் தகர டப்பா மாதிரி அமுங்கிவிடும்.

இங்கே ஒரு கணக்கு. 48.3 மிமீ, 4 மிமீ சுவர் கொண்ட பைப் மீட்டருக்கு சுமார் 4.4 கிலோ. அதற்குப் பதில் இரண்டு இன்ச் பி கிளாஸ், அதாவது 60.3 மிமீ வெளி விட்டம், 3.6 மிமீ சுவர், எடுத்தால் மீட்டருக்கு சுமார் 5 கிலோ. எடை 15 சதவீதம்தான் கூடுகிறது, வளையாமல் நிற்கும் விறைப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது, ஏனென்றால் விறைப்பு விட்டத்தோடு மும்மடிக் கணக்கில் ஏறும், சுவரோடு நேர்க் கணக்கில்தான் ஏறும். அதற்காக பெரிய விட்டத்தில் மெல்லிய சுவர் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கல்லின் முனை ஒரே இடத்தில் குத்தும்போது காப்பாற்றுவது சுவர் கனம் மட்டுமே, 3 மிமீக்குக் கீழே இறங்காதீர்கள். கல் மேல் உட்காரும் பிரதான தண்டுக்கு இரண்டு இன்ச், வெளிப்பக்கம் வளைந்து வரும் தண்டுக்கும், சேஸிஸோடு இணைக்கும் கால்களுக்கும் ஒன்றரை இன்ச் சி கிளாஸ். ஜிப்ஸிக்கு இது தாராளம்.

சீம்லெஸ் விஷயம். சாதாரண ஜிஐ, எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதாரண எஃகு) பைப் எல்லாம் தகட்டைச் சுருட்டி மின்சாரத்தில் ஒட்டியவை, உள்ளே விரல் விட்டால் அந்த ஒட்டுக் கோடு தட்டுப்படும். வளைக்கும்போது அந்தக் கோட்டை வளைவின் வெளிப்பக்கத்திலோ உள்பக்கத்திலோ வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் போதும், பிளக்காது. சூடாக்காமல் இழுத்துச் செய்த குளிர் இழுப்பு பைப், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகு எல்லாம் வலிமை கூடியவைதான், மறுக்கவில்லை. ஆனால் எஃகு எந்த ரகமானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், விலை உயர்ந்த பைப் நிரந்தரமாக மடங்குவதைத்தான் தள்ளிப்போடும், தொய்வதைக் குறைக்காது. குளிர் இழுப்பில் வந்த கூடுதல் பலத்தில் ஒரு பகுதி வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் போய்விடும். குரோமோலியை முறையாகச் செய்யாவிட்டால் வெல்டுக்குப் பக்கத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். கேட் அடித்துப் பழகிய கைக்கு எம்எஸ் மன்னிக்கும், குரோமோலி மன்னிக்காது.

ஜிஐ வேண்டாம், பூச்சில்லாத கறுப்பு பைப் கேளுங்கள், அதே ஐஎஸ் 1239-இலேயே கிடைக்கும். எஃகு உருகுவது சுமார் 1,500 டிகிரியில், துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ஆர்க் பட்டதும் வெள்ளைப் புகையாகக் கிளம்பி வெல்டுக்குள் ஓட்டை ஓட்டையாகப் போடும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியுமாக வரும், வாயில் உலோகச் சுவை இருக்கும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்பி முகமூடியை விட்டுவிடாதீர்கள். கையில் ஜிஐதான் இருக்கிறது என்றால் வெல்ட் விழும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் இரண்டு இன்ச்சுக்கு, உள்ளேயும் வெளியேயும், கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

பைப்போடு பைப் சேரும் முனையை மீன் வாய் மாதிரி வெட்டி உட்கார வைக்க வேண்டும். நேராக வெட்டிவிட்டு இடைவெளியை ராடால் நிரப்புவது கேட்டுக்கு ஓடும், இதற்கு ஓடாது. ஹோல் சா இருந்தால் சுலபம். இல்லையென்றால் ஒரு காகிதத்தில் வடிவம் எடுத்து பைப்பில் சுற்றி, கோடு போட்டு, கிரைண்டரில் மெதுவாகக் கொண்டுவாருங்கள். ஒரு மிமீக்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது. நான் செலவழிக்கும் நேரத்தில் பாதி இங்கேதான் போகும்.

ராடு: 3.15 மிமீ, இ 6013, 100 முதல் 120 ஆம்பியர். 7018 ரக ராடு இன்னும் நல்ல வெல்ட் தரும் என்பது உண்மை, ஆனால் அதன் பூச்சு ஈரத்தை இழுக்கும், பாக்கெட் பிரித்து வாரக்கணக்கில் கிடந்த ராடை 350 டிகிரி அளவில் சுட வேண்டும், வீட்டு ஓவன் 250-ஐத் தாண்டாது. ஈரமான 7018-ஐ விட உலர்ந்த 6013 மேல். ராடுக்குப் பதில் கம்பிச் சுருளில் ஓடும் மிக் மெஷின் கடன் கிடைக்கிறது என்றால் ஒரு எச்சரிக்கை: கரண்ட் குறைவாக வைத்தால் மணி மணியாக அழகாக வெல்ட் விழும், அடியில் பிடித்திருக்காது. ராடு (ஸ்டிக்) வெல்டிங்கில் மோசமான வெல்ட் மோசமாகவே தெரியும், மிக் ஏமாற்றும்.

ஆகவே வண்டிக்கு அருகே போகும் முன் ஒரு சோதனை. அதே பைப் துண்டு, அதே தகட்டுத் துண்டு, டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் வெல்ட் அடித்து ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். வைஸில் பிடித்து, வெல்ட் விரியும் பக்கமாகப் பெரிய சுத்தியலால் அடியுங்கள். பைப் சப்பையாகி மடங்கி, வெல்ட் அப்படியே இருந்தால் சரி. வெல்ட் தோல் உரிந்தது மாதிரி பெயர்ந்து, அடியில் கிரைண்டர் கோடுகள் அப்படியே தெரிந்தால் உங்கள் சூடு உள்ளே இறங்கவில்லை. 10 ஆம்பியர் ஏற்றி, ஆர்க்கைக் கனமான தகட்டின் பக்கம் கூடுதலாகக் காட்டி மறுபடி அடியுங்கள். உடைந்த இடத்தில் கறுப்பாகத் திட்டு இருந்தால் ஸ்லாக் (ராடு பூச்சு உருகி உறைந்த கசடு) மாட்டியிருக்கிறது, அடுத்த ஓட்டத்துக்கு முன் சரியாகத் தட்டவில்லை என்று அர்த்தம்.

இனி சேஸிஸ். என் முதல் ஸ்லைடரில் இரண்டு நூல் (கால் இன்ச்) கனமுள்ள சதுரத் தகட்டை சேஸிஸின் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் சுற்றி அடித்தேன். கனமாக, அழகாக, பெருமையாக இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து அடிப்பக்கம் கழுவும்போது தகட்டின் நிற்கும் விளிம்பை ஒட்டி முடி மாதிரி ஒரு துருக் கோடு. நகத்தால் கீறினேன், போகவில்லை. கிரைண்டர் வைத்தபோதுதான் தெரிந்தது, வெல்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை ஒட்டியிருந்த சேஸிஸ் தகடுதான் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. சேஸிஸ் ஓடும்போது முறுகி வளைந்துகொண்டே இருக்கும். கனத் தகடு முடியும் இடத்தில் மெல்லிய தகடு தொடங்குகிறது, அங்கேயே வெல்டிங் சூடும் பட்டிருக்கிறது, குறுக்கே செங்குத்தாக ஒரு கோடு வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிளக்க வேறு என்ன வேண்டும்?

அதனால் தகட்டை நீளவாக்கில், இரண்டு முனையும் குறுகி வரும்படி மீன் வடிவில் வெட்டுங்கள், கூர் மூலைகளை உருட்டிவிடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் சேஸிஸின் நீளத்தோடு ஓடும் வெல்ட் மட்டும் போதும், முனையைக் குறுக்கே மூட வேண்டாம். சேஸிஸின் பக்கச் சுவரில் நடுவாக வையுங்கள், மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் ஏறாதீர்கள். தகட்டுக் கனம் 5 மிமீக்கு மேல் தேவையில்லை. பக்கத்துக்கு மூன்று கால், இடம் இருந்தால் நாலு. கால்களை நேரடியாக வெல்ட் அடிக்காமல், இந்தத் தகட்டில் 8.8 கிரேடு 12 மிமீ போல்ட்டில் மாட்டும்படி செய்தால் வளைந்தால் கழற்றலாம், எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் கழற்றி வைக்கலாம்.

அதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களைத் தடுக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஸ்லைடரும் அதில் மாற்றமாகப் பார்க்கப்படலாம். முன்பக்க புல் பார் (பம்பருக்கு முன்னே மாட்டும் தடுப்புக் கம்பி) செய்யும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், நடந்து போகிறவரின் காலுக்கும் இடுப்புக்கும் அது எமன். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் கம்பிக் கூண்டான ரோல் கேஜும் இந்தக் கட்டுரையை வைத்துச் செய்யக் கூடாது, அது தலைக்கு மேல் இருக்கும் விஷயம்.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்ட் விழும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பெயின்ட் தேய்த்த இரும்பில் பிடியுங்கள், எங்கோ பம்பரில் பிடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் பாதை தேடும். சேஸிஸுக்கு உள்பக்கம் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயர் எங்கே ஓடுகிறது என்று கையை விட்டுப் பாருங்கள். தீயணைப்பு சிலிண்டரோடு ஓர் ஆள் மறுபக்கம் உட்கார்ந்திருக்கட்டும்.

பைப் முனைகளை மூடும்போது அடியில் ஒரு 6 மிமீ துளை விடுங்கள். இல்லையென்றால் உள்ளே சூடான காற்று கடைசி வெல்டை ஊதித் தள்ளிவிடும், பிறகு மழைநீரும் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். எல்லாம் மாட்டியதும் ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விடும் வரை தூக்குங்கள், அடியில் யாரும் போகக் கூடாது. பாடியில் தொடாமல் ஒரு விரல் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது பைப்புக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் அடியுங்கள், சேஸிஸ் தகட்டுக்கு மட்டும் வெளிர் சாம்பல். கறுப்பில் துருக் கோடு தெரியாது, எனக்கும் அன்று தண்ணீர் பட்டதால்தான் தெரிந்தது.