சிற்றோடையில் கயாக்: தண்ணீர் ஏறும்போதும் இறங்கும்போதும் – கேள்வி பதில்

கேள்வி: போன மாதம் நிதானமாகக் கயாக் (குறுகிய துடுப்புப் படகு) ஓட்டிய ஓடை, மழைக்குப் பிறகு அடையாளமே தெரியவில்லை. முக்கால் அடிதான் ஏறியிருந்தது. அதற்கே இவ்வளவு வித்தியாசமா?

ஆமாம். அகலமான ஆற்றில் தண்ணீர் கூடினால் பரவிக்கொள்ள இடம் இருக்கும். சிற்றோடையில் இரு பக்கமும் பாறை நெருக்குவதால், வந்த தண்ணீர் மேலே ஏறும், வேகமும் எடுக்கும். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. விநாடிக்கு 2 கனமீட்டர் ஓடினால், ஒவ்வொரு விநாடியும் 2 டன் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

இன்னொன்றும் நடக்கிறது. போன முறை நீங்கள் சுற்றிப் போன பாறை இப்போது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதன் மேல் வழிந்து விழும் தண்ணீர், அடியில் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் சுருண்டு திரும்பும். இதைத்தான் ஹோல் என்கிறோம். படகையும் ஆளையும் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பாறைக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கிய எடிகளும் (ஓட்டம் தணிந்து திரும்பிச் சுழலும் இடங்கள்) காணாமல் போயிருக்கும். தனித்தனியாக இருந்த மூன்று ரேபிட்கள் (தண்ணீர் கொந்தளித்து வேகமாக ஓடும் பகுதிகள்) ஒரே நீளமான ரேபிடாகச் சேர்ந்துவிடும். அங்கே கவிழ்ந்தால் நீச்சலும் அவ்வளவு நீளம்.

கேள்வி: பாலத்தடியில் உள்ள அளவுகோல் 60 செ.மீ. காட்டுகிறது. இறங்கலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. அளவுகோல் காட்டுவது அந்த இடத்து உயரத்தைத்தான், ஓடும் தண்ணீரின் அளவை அல்ல. பல இடங்களில் அதன் பூஜ்யம் ஓடையின் தரையில்கூட இருக்காது. 30-லிருந்து 40-க்கு ஏறுவதைவிட, 60-லிருந்து 70-க்கு ஏறும்போது பொதுவாகக் கூடுதல் தண்ணீர் வந்து சேரும். அதே ஓடையை அதே அளவில் ஓட்டியவர் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

எண்ணைவிட நான் முதலில் கேட்பது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை. படகை இறக்கும் இடத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். உடை மாற்றி, படகைத் தயார் செய்துவிட்டு வந்து பாருங்கள். கல் மூழ்கியிருந்தால் ஏறுகிறது. நிறம் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் அப்படித்தான். பாறையில் விளிம்புக்கு மேலே ஈரப் பட்டை தெரிந்தால் இறங்குகிறது. சின்ன ஓடைக்கு நீர் வரும் பரப்பும் சிறியது. மண் ஏற்கெனவே ஊறியிருந்தால், மேலே பெய்யும் ஒரு கனமழை சீக்கிரமே உங்களிடம் வந்துவிடும். பனி உருகி ஓடும் ஓடை என்றால் மழையே வேண்டாம். காலையில் அடக்கமாக இருப்பது, வெயில் ஏறிய பிறகு பிற்பகலிலோ மாலையிலோ பெருகும்.

கேள்வி: அண்ணா, நான் புதியவன். தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் போனால் பாதுகாப்புதானே?

தம்பி, இந்த நினைப்போடு இறங்காதீர்கள். நான் மாட்டிக்கொண்டதே குறைந்த தண்ணீரில்தான். முழங்கால் ஆழம்கூட இல்லாத இடத்தில், படகின் மூக்கு இரண்டு கற்களுக்கு நடுவே செருகி நின்றுவிட்டது. பின்னாலிருந்து வந்த தண்ணீர் முதுகில் ஏறி அழுத்தியது. நண்பர் கரையிலிருந்து கயிறு வீசி இழுத்ததால் வெளியே வந்தேன். தண்ணீர் இன்னும் ஒரு சாண் இருந்திருந்தால் அந்தக் கற்களின் மேலேயே போயிருப்பேன்.

குறைந்த தண்ணீரில் வேகம் குறைவு, யோசிக்க நேரம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் கற்குவியலின் இடுக்கு வழியாகத் தண்ணீர் மட்டும் சல்லடைபோலப் புகுந்து போகும் இடங்கள் அப்போதுதான் வெளிப்படும். ஆள் புக முடியாது. கவிழ்ந்தால் தலை பாறையில் மோதும். முக்கியமாக, நீந்தும்போது எழுந்து நிற்க முயலாதீர்கள். கால் கல்லிடுக்கில் சிக்கினால் நீரோட்டம் உங்களை முன்னால் மடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும். மல்லாந்து, கால்களை மேலே தூக்கி, ஓட்டம் போகும் திசையில் நீட்டி, கரைப்பக்கம் ஒதுங்குங்கள். பாறையில் படகு பக்கவாட்டாக மோதினால் பாறையை நோக்கியே சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டம் படகைக் கவிழ்த்துப் பாறையோடு ஒட்டிவிடும்.

கேள்வி: வழிகாட்டிக் குறிப்பில் இது மூன்றாம் தரம் என்று இருக்கிறது. வெள்ளத்திலும் அதேதானா?

இல்லை. ரேபிட் எவ்வளவு கடினம் என்று 1 முதல் 6 வரை சொல்லும் அந்தத் தரம், குறிப்பு எழுதியவர் பார்த்த நீர்மட்டத்துக்குச் சொல்லப்பட்டது.

கேள்வி: குறுக்கே மரம் விழுந்திருந்தால் கிளைகளுக்கு நடுவே நுழையலாமா?

கூடாது. தண்ணீர் கிளை வழியாகப் போய்விடும், நீங்கள் போக மாட்டீர்கள். படகைத் தூக்கிக்கொண்டு கரையில் நடந்து தாண்டுங்கள். நீந்தும்போது தவிர்க்கவே முடியாமல் மரத்தில் மோதப் போகிறீர்கள் என்றால் மட்டும், குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏறிவிட முயலுங்கள். கால் முன்னால் போனால் அடியில் இழுத்துவிடும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மரங்கள் இடம் மாறும், அதனால் பழகிய ஓடையிலும் வளைவுக்கு முன் கரையேறிப் பாருங்கள்.

கேள்வி: மூன்று பேர் போகிறோம், ஒருவர் புதியவர். எப்படிப் போவது?

அனுபவம் அதிகமுள்ளவர் முன்னால், புதியவர் நடுவில். எடியிலிருந்து அடுத்த எடிக்கு, ஒருவர் நின்ற பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எடி இல்லாத இடத்துக்குள் போகாதீர்கள். தண்ணீர் இரைச்சலில் பேச்சு கேட்காது. துடுப்பைத் தலைக்கு மேல் படுக்கையாகப் பிடித்தால் நில், செங்குத்தாகப் பிடித்தால் வா. விசில் மூன்று முறை என்றால் ஆபத்து. கரையேறிப் பார்க்க வேண்டிய ரேபிடில், ஒருவர் முதலில் நடந்தே கீழே போய், வீசும் கயிற்றோடு நிற்கட்டும். பிறகு மற்றவர்கள் வரலாம். புதியவரிடம் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் உறை), இழுத்தால் அதைக் கழற்றிவிடும் இழுப்பு வளையம் வெளியே இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். உள்ளே மாட்டியிருந்தால், கவிழ்ந்த பிறகு அதைத் தேட முடியாது.