கைப்பிடி பின்னல் மெஷின்: முதல் குல்லா வரைக்கும் சில கேள்விகள்

காட்பாடி: 22 ஊசி, 48 ஊசி, இரும்பு மெஷின் என்று பலது இருக்கிறதே அக்கா, எதை வாங்கலாம்?

வட்டமாக நிற்கும் ஊசிகளைக் கைப்பிடியால் சுற்றினால் குழாய் மாதிரி பின்னல் இறங்கும் மெஷின் இது. குல்லா, மஃப்ளர் போடத்தான் ஆசை என்றால் 46 அல்லது 48 ஊசி உள்ள பிளாஸ்டிக் மெஷின் போதும். 22 ஊசியில் வருவது ஒல்லிக் குழாய். பொம்மைக்கும் கைக்குழந்தைக்கும் சரி, பெரியவர் தலைக்கு ஆகாது. இரும்பு மெஷின் சாக்ஸுக்கென்றே செய்தது. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்துவிடாதீர்கள். ஊசி முனையில் திறந்து மூடும் சின்ன நாக்கு துருப்பிடித்து அசையாமல் நின்றால், ஊசியை மாற்றாமல் ஒரு சுற்றுகூட ஓடாது.

ஆற்காடு: முதல் சுற்றிலேயே கண்ணியெல்லாம், அதாவது ஊசியில் விழும் நூல் வளையமெல்லாம், நழுவிப் போகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. முதல் சுற்றில் எல்லா ஊசியிலும் நூலை மாட்டக் கூடாது. நிறம் மாறியிருக்கும் ஊசியில் தொடங்கி, ஒன்றில் கொக்கிக்குள், அடுத்ததில் ஊசிக்குப் பின்னால் என்று ஒன்று விட்டு ஒன்றாக ஒரு முழுச் சுற்று போங்கள். அப்புறம்தான் நூலை ஊசிக்குக் கொண்டுபோகும் வழிகாட்டியில் அதைக் கோர்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நூல் கொக்கிக்குள் விழாமல் ஊசி இறங்கினால் அந்தக் கண்ணி போச்சு. விரலால் நூலை உள்ளே தள்ளிவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நடுவில் தொங்கும் பின்னலை இன்னொரு கையால் லேசாகக் கீழே இழுத்துப் பிடித்தால் கண்ணி மேலே ஏறாது.

இன்னொன்று, கடைப் பந்திலிருந்து நேராக நூல் விடாதீர்கள். நடுவில் சிக்கினால் நூல் விறைக்கும், கைப்பிடி கனக்கும். அந்த நேரத்தில் பலம் காட்டினால் ஊசி உடையும். முன்கூட்டியே தளர்வாக உருண்டை சுற்றி, ஒரு சொம்புக்குள் போட்டுக் கீழே வையுங்கள். முதல் ஐந்தாறு சுற்றை வேறு நிற மிச்ச நூலில் ஓட்டிவிட்டு நல்ல நூலுக்கு மாறினால், பிறகு பிரித்தெடுக்கச் சுலபம்.

குடியாத்தம்: வீட்டில் லுங்கித் தறி நூல் கிடக்கிறது. அதைப் போடலாமா?

ஒற்றை இழையாகப் போட்டால் கொசுவலைதான் வரும். பல இழைகளைச் சேர்த்துப் போடலாம், ஆனால் பருத்தி உல்லன் அளவுக்கு இழுபடாது. கைப்பிடி கனமாகத்தான் இருக்கும். கஞ்சி போட்ட பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடுவது) வேண்டவே வேண்டாம். பழகும் வரை நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக் நூலே நல்லது.

ராணிப்பேட்டை: குல்லாவுக்கு எத்தனை சுற்று?

பெரியவருக்கு இரட்டை அடுக்கென்றால் நூறு, நூற்றிருபது. இரு முனைக் கண்ணிகளையும் நூலில் கோர்த்து, சுருக்கி முடிந்து, ஒரு பாதியை இன்னொன்றுக்குள் திணித்தால் குல்லா.

ஆம்பூர்: நான் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சாக்ஸ் போட முடியுமா?

பிளாஸ்டிக்கில் குதிகால் இல்லாத நேர்க்குழாய் சாக்ஸ் வரும். ஷூவுக்குள் தடிப்பாக இருக்கும். முறையான குதிகாலுக்கு இரும்பு மெஷின்தான். பாதி ஊசிகளை வேலையிலிருந்து தூக்கிவிட்டு, மீதிப் பாதியில் கைப்பிடியை முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஓர் ஊசியைக் குறைத்துக்கொண்டே போய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் பை மாதிரி குதிகால் விழும். கீழே தொங்கும் எடைக் குண்டையும் குதிகால் பக்கமாக அவ்வப்போது மாற்றி மாட்ட வேண்டும். இதில்தான் பலரும் வெறுத்துப் போய் மெஷினைப் பரணில் ஏற்றுகிறார்கள். குழாய் கைவந்த பிறகு தொடுங்கள்.

சத்துவாச்சாரி: வேலூர் வெயிலில் யார் குல்லா வாங்குவார்கள்?

நியாயமான கேள்வி. உள்ளூர்க்காரரை நம்பிப் போடாதீர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் மார்கழியில் குளிருக்குத்தான் திரும்புகிறார்கள். சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்கும் மென்மையான நூலில் போடலாம். வட்டமாகப் பின்னுவதால் தலையை உறுத்தும் தையல் இல்லை. முதலில் பத்துப் போட்டுப் பாருங்கள், ஐம்பது வேண்டாம்.

அரக்கோணம்: கைப்பிடிக்குப் பதில் டிரில் மாட்டிச் சுற்றலாமா?

மாட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தின் பல் தேயும், கண்ணி நழுவினால் நிறுத்துவதற்குள் பத்துச் சுற்று ஓடியிருக்கும். கையாலேயே சுற்றுங்கள்.