உப்புத்தாளை முதலில் எடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு 40 வயதுக்கு மேல் ஆகிறது. வாசல் நிலையிலும் கதவிலும் ஐந்தாறு பூச்சு பெயின்ட் ஏறி, பூவேலையே மழுங்கிவிட்டது. கதவும் இறுகுகிறது. மின்சார இயந்திரத்தில் உப்புத்தாள் பொருத்தி எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிடலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்தேன். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த இயந்திரத்தை ஓட்டாதீர்கள். பழைய எண்ணெய் பெயின்ட்டில், அதிலும் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த பூச்சை இயந்திரத்தால் தேய்த்தால் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகித் தரையிலும் பொம்மையிலும் படியும். தவழ்ந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். சாதாரணத் துடைப்பம் அந்தத் தூளைக் கிளப்பிவிடத்தான் செய்யும். எனவே ஒரு சில்லைப் பெயர்த்து, எல்லாப் பூச்சுகளும் அதில் இருக்கும்படி பார்த்து, ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவு வரும்வரை ஈயம் இருப்பதாகவே எண்ணி நடப்பது நல்லது.

அடுத்தது, எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டுமா என்பது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டும் நாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் பெயராவிட்டால் அடிப்பூச்சு உறுதியாக இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை ஈரமான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, மேலேயே பூசிவிடலாம். கதவின் தட்டையான பலகைக்கு இதுவே போதும். முழுமையாக எடுக்க வேண்டியவை இரண்டுதான்: பூவேலையும், கதவு இறுகும் விளிம்பும்.

அங்கே பெயின்ட் ரிமூவரைப் பயன்படுத்துங்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த வகை வேண்டவே வேண்டாம். அது 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்து உயிரிழந்தவர்கள் உண்டு. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஆபத்து குறைவு. கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தையை வேறு வீட்டில் விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தூரிகையில் நிறைய எடுத்து ஒரே திசையில் தடிமனாக அப்பி வையுங்கள். திரும்பத் திரும்ப இழுத்தால் ரிமூவரின் மேல் படியும் மெல்லிய படலம் கிழிந்து வீரியம் போய்விடும். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடினால் காயாது. பெயின்ட், ஆறிய பாலின் ஏடுபோல் சுருங்கி எழும்பும். அவசரப்படாமல் ஒரு மூலையில் சுரண்டியை வைத்துத் தள்ளிப் பாருங்கள். மரம் தெரிந்தால் பதம் வந்துவிட்டது, தெரியாவிட்டால் காத்திருங்கள். பலரும் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து மரத்தைக் கீறிவிடுகிறார்கள். பூவிதழ்களின் இடுக்கில் இரும்பு வேண்டாம்; மூங்கில் குச்சியைக் கூராக்கிக் குடைந்தால் போதும், பின்பு பித்தளைத் தூரிகை. இரும்பு நார் துகள்களை விட்டுச்செல்லும். ஈரம் பட்டதும் அவை மரத்தில் கரும்புள்ளியாகும்.

காஸ்டிக் சோடாவைச் சிலர் சொல்வார்கள். அது மரத்தைக் கருக்கச் செய்யும், இழைகளை எழுப்பும், பசையால் இணைத்த மூட்டுகளையும் தளர்த்தும். நிலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தீச்சுடரால் சுடுவதும் கூடாது. ஈயப் புகை ஒருபுறம். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் தூசி கனன்று, நீங்கள் போய் மணிக்கணக்கான பிறகு தீப்பிடிக்கலாம் என்பது இன்னொருபுறம்.

சுரண்டிய குப்பையை ஈரத்தோடே பையில் கட்டி, நச்சுக் கழிவாகவே ஒப்படையுங்கள். பிறகு ரிமூவர் டப்பாவில் சொன்னபடி மரத்தைத் துடையுங்கள். எச்சம் தங்கினால் புதுப் பூச்சு ஒட்டாது. கதவு விளிம்பில் புதிய பெயின்ட்டைப் பூசும்முன், மரம் நன்கு உலர்ந்ததும் மூடித் திறந்து பாருங்கள். பூச்சு ஏறியதுதான் காரணமென்றால் இப்போதே தளர்ந்திருக்கும். இன்னும் இறுகினால் கீல் திருகுகளைப் பாருங்கள், கதவு கீழிறங்கியிருக்கக்கூடும்.