சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடும் மகள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் இரவில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கிறாள். கண்டிப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. இது திமிர் இல்லை, புலிமியா என்கிற நோயாக இருக்கலாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மனநல மருத்துவர். இந்த நோய் உள்ள பலர் ஒல்லியாக இருப்பதில்லை, அதனால் வீட்டில் சீக்கிரம் தெரிவதும் இல்லை. இளவரசி டயானாவே 1995 பேட்டியில், மன வேதனையிலிருந்து தப்பிக்கும் வழியாக இதைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். ஆகவே வாந்தியை மட்டும் தடுத்தால் போதாது, அந்தத் தவிப்பை வேறு எங்கே இறக்கி வைப்பாள் என்பதுதான் கேள்வி.

நீங்கள் செய்யக்கூடியது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஏதாவது பேசிக்கொண்டே கூட இருப்பது. உளவு பார்ப்பதுபோல் இருக்கக் கூடாது, சரியா? எடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். "என்ன குண்டாயிட்டே" என்று ஆரம்பிக்கும் அத்தை, சித்தி யாராக இருந்தாலும் (நம் ஊரில் இது நலம் விசாரிப்பு!) அங்கேயே நிறுத்துங்கள். டாக்டரிடம் போக மறுத்தால், 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் முதலில் நீங்களே பேசுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். மயக்கம், படபடப்பு வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை.