அப்பாவின் காப்ரி: ஏலத்தில் விடுவதா, நேரில் விற்பதா?

கேள்வி: என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான், ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் தம்பி என நான்கு பேர் இருக்கிறோம். அப்பாவின் 1971ஆம் ஆண்டு ஃபோர்டு காப்ரி பெரானா கார், வீட்டு கராஜில் பன்னிரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏல நிறுவனம் ஒன்று அதைக் கேட்கிறது. பிரிட்டோரியாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு 6 லட்சம் ராண்ட் தருகிறேன் என்றார். சொத்து நிர்வாகியான அண்ணனோ, "வெளியாருக்கு எதற்கு? என் மகனே 4 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வான்" என்கிறார். அம்மாவுக்கு விற்கவே மனமில்லை. அவர்களுடைய திருமணம் 1969இல் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. எஞ்சினை அப்பா ஒருமுறை மாற்றினார் என்று அண்ணனுக்கு ஒரு நினைவு. நாங்கள் ஏலத்துக்குப் போவதா, நேரில் விற்பதா?
சாட்ஸ்வர்த் (டர்பன்) வாசகி

பதில்: நீங்கள் கேட்டது ஏலமா, நேர் விற்பனையா என்று. உங்கள் கடிதத்தில் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. விற்கும் உரிமை யாருக்கு? காரைப் பற்றி வாங்குபவரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? இவற்றைத் தீர்க்காமல் எந்த வழியில் போனாலும் பணம் வந்த பிறகு வழக்கும் பின்னாலேயே வரும்.

முதலில் அண்ணன் மகன் விஷயம். உங்கள் வீட்டில் பேசத் தயங்குவது இதைத்தான் என்று ஊகிக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் இறந்தோர் சொத்து நிர்வாகச் சட்டத்தின் (1965ஆம் ஆண்டின் 66ஆம் எண்) 49ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. நிர்வாகியோ அவருடைய மனைவி, பெற்றோர், பிள்ளை, கூட்டாளி போன்றவர்களோ அந்தச் சொத்திலிருந்து எதையாவது வாங்கினால், உயர் நீதிமன்ற மாஸ்டர் (இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அதிகாரி) சம்மதிக்காமலோ நீதிமன்றம் உறுதிசெய்யாமலோ அந்தக் கிரயம் செல்லாது. விலை நியாயமானதா, குறைவானதா என்பது இரண்டாம் பட்சம். உங்கள் அண்ணன் மகன் 7 லட்சம் கொடுத்தாலும் இதே விதிதான். ஏலத்தில் கைதூக்கி எடுத்தாலும் இதே விதிதான். அண்ணனைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அப்பாவின் கார் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் மாஸ்டருக்கு ஒரு விண்ணப்பம் எழுதாமல் அந்தப் பையனிடம் சாவியைக் கொடுத்தால், ஐந்து வருடம் கழித்து உங்கள் நால்வரில் யார் கோபப்பட்டாலும் அவன் காரை இழக்கக்கூடும்.

அடுத்தது 47ஆம் பிரிவு. சொத்தை எந்த முறையில், எந்த நிபந்தனைகளில் விற்பது என்பதை வாரிசுகள் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மாஸ்டர் அங்கீகரிக்கும் முறையில்தான் நிர்வாகி விற்க முடியும். அதாவது ஏலமா, நேர் விற்பனையா என்பதை அண்ணன் தனியாக முடிவெடுக்க முடியாது. நீங்களும் தனியாக முடிவெடுக்க முடியாது. பெர்த்தில் இருக்கும் தம்பியின் கையெழுத்தும் வேண்டும். அவர் வெளிநாட்டில் இருப்பதாலேயே சட்டம் சொல்லும் 'இருப்பிடம் தெரியாத வாரிசு' ஆகிவிட மாட்டார். விலாசம் தெரிந்தவர், கையெழுத்திட்டு அனுப்ப முடிந்தவர்.

அம்மாவின் கையெழுத்து? "பதிவில்லாத கல்யாணம், அவருக்கு உரிமை கிடையாது" என்று இன்றும் சில உறவினர்கள் காதில் போட்டுவிட்டுப் போவார்கள். நம்ப வேண்டாம். இந்து முறைப்படி மட்டும் நடந்த திருமணத்தின் மனைவியும், உயிலில்லாத வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் 'துணைவர்' தான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. எனவே அம்மாவுக்கு ஒரு பிள்ளையின் பங்குக்குச் சமமான தொகை அல்லது 2,50,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது கிடைக்கும். கோயில் அர்ச்சகரின் கடிதம், பந்தியில் இருந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரம், பழைய புகைப்படம் ஆகியவற்றை இப்போதே சேகரித்து மாஸ்டர் அலுவலகக் கோப்பில் சேருங்கள்.

இனி கார். பெரானா என்ற பெயருக்குத்தான் இந்த விலை. ஜோகன்னஸ்பர்க் அருகே ஈடன்வேலில் பேசில் கிரீன் நடத்திய பட்டறையில் 302 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் பொருத்தப்பட்ட காப்ரிகள் 1970களின் தொடக்கத்தில் சுமார் 500 மட்டுமே வந்தன. ஆனால் பிற்காலத்தில் சாதாரண காப்ரியை வாங்கி, அதில் ஒரு வி8ஐ இறக்கி, பெரானா என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. என் சித்தப்பா ஒருவர் வெறும் ஃபோர்டு கார்ட்டினாவுக்குக் கறுப்புக் கோடு அடித்து, ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, பெரானா என்று ஊரையே ஏமாற்றினார். அன்று அது விளையாட்டு. இன்று விற்பனைப் பத்திரத்தில் அப்படி எழுதினால் இழப்பீடு கேட்டு வழக்கு வரும்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் விற்பவரைக் காக்கும் ஒரு சொல் உண்டு: ஃபூட்ஸ்டூட்ஸ். காலால் தள்ளிவிட்டு 'இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்' என்பது போன்ற பொருள். இருக்கிற நிலையிலேயே விற்கிறேன் என்ற நிபந்தனை. மறைந்திருக்கும் குறைகளுக்கு அது நல்ல கேடயம். டர்பன் கடற்காற்றில் ஐம்பது வருடம் நின்ற காரின் அடித்தகட்டில் துரு இருக்கும். அதன் மேல் யாரோ எப்போதோ பட்டி பார்த்திருப்பார்கள். அது உங்களுக்குத் தெரியாது என்றால் கேடயம் நிற்கும். தெரிந்தும், வாங்குபவரை ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தால் கேடயம் உடைந்துபோகும். அண்ணனுக்கு எஞ்சின் மாற்றம் 'நினைவிருக்கிறது' என்கிறீர்கள். அந்த நினைவு இப்போது நிர்வாகிக்குத் தெரிந்த விஷயம்.

இதைவிட முக்கியமானது நீங்கள் வாயால் சொல்வது. 1973இல் ப்ளூம்ஃபொன்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த கொள்கை இது: பொருளின் தன்மையைப் பற்றி, வெறும் புகழ்ச்சியைத் தாண்டி, விற்பவர் சொன்ன உறுதியான கூற்று பொய்யானால், அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தாலும் வாங்கியவர் விலையைக் குறைக்கக் கேட்கலாம், குறை பெரிதானால் விற்பனையையே திருப்பலாம். "அருமையான கார்" என்பது புகழ்ச்சி. "அசல் பெரானா, அசல் எஞ்சின்" என்பது கூற்று. ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதிவிட்டதால் மட்டும் அந்தக் கூற்றின் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. எனவே விளம்பரம் எழுதும் முன் எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் உரிமை மாற்றமே பதிவு அலுவலகத்தில் நின்றுபோகும். போலீஸ் அனுமதி வாங்கித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். இந்த வேலையை விற்பதற்கு முன் செய்தால் செலவு சில ஆயிரம். விற்ற பிறகு செய்தால் பேரம் முறியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பலர் நினைப்பது: ஏலத்தில் விற்றால் பொறுப்பு முடிந்தது, நேரில் விற்றால் மூன்று வருடம் தொல்லை. உண்மை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008ஆம் ஆண்டின் 68) பொருளின் தரத்துக்கு உத்தரவாதம் தரும் 55ஆம் பிரிவிலிருந்து ஏலத்தை விலக்கிவைத்திருக்கிறது. நேர் விற்பனையில், வியாபாரம் செய்யாத ஒருவர் வீட்டுக் காரை ஒருமுறை விற்றால், அந்தச் சட்டமே பொருந்தாது. ஆக இரண்டிலும் கடைசியில் நிற்பது மேலே சொன்ன பொதுச் சட்டமும் ஃபூட்ஸ்டூட்ஸும்தான். பொறுப்பைப் பார்த்து ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

வித்தியாசம் இருப்பது விலையிலும் செலவிலும் சாட்சியிலும். ஏலத்தில் கமிஷன் இரு பக்கமும் பிடிக்கப்படலாம். ஒரு கணக்குக்கு, விற்பவரிடம் 5 சதவீதமும் வாங்குபவரிடம் 10 சதவீதமும், இரண்டின் மேலும் 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) என்று வையுங்கள். சுத்தியல் 6 லட்சத்தில் விழுந்தால் வாங்குபவர் கட்டுவது 6,69,000. உங்கள் கைக்கு வருவது 5,65,500. இடையில் காணாமல் போன 1,03,500 ராண்டையும் மனதில் வைத்துத்தான் ஏலத்துக்கு வருபவர் விலை கேட்கிறார். புகைப்படச் செலவு, ஜோகன்னஸ்பர்க் வரை லாரிக் கூலி, விற்காமல் திரும்பினால் கட்டணம், நடுவில் பின்வாங்கினால் அபராதம் ஆகியவை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பணம் எத்தனை நாளில் வரும் என்பதும் தேதியோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குறைந்தபட்ச விலையை வையுங்கள், ஆனால் ரகசியமாக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி, குறைந்தபட்ச விலை உண்டு என்பதையோ, உரிமையாளரோ ஏலக்காரரோ தாங்களும் விலை கேட்கும் உரிமையை வைத்திருக்கிறார்கள் என்பதையோ முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தொகையைச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அறிவிக்காமல் உங்கள் மச்சானைக் கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றினால், வாங்கியவர் நீதிமன்றத்தில் அந்த விற்பனையை மோசடி என்று அறிவிக்கச் சொல்லலாம். 2011 இறுதியில் ஸ்டெல்லன்போஷ் அருகே ஒரு திராட்சைத் தோட்ட ஏலத்தில் பொய்யாக விலை கேட்டு ஏற்றியதாக எழுந்த புகார் நாடு முழுவதும் பேசப்பட்டது நினைவிருக்கலாம். மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் விழும் வரை விலை கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம்; விழுந்த பிறகு அவரும் மாற முடியாது, நீங்களும் மாற முடியாது. ஆகவே அம்மாவின் தயக்கம் ஏலத்துக்கு முன் தீர வேண்டும்.

பிரிட்டோரியாக்காரர் பக்கம் பார்த்தால், கமிஷன் இல்லை, லாரிக் கூலி இல்லை, 6 லட்சமும் முழுதாக வருகிறது. மேலே போட்ட கணக்கில் ஏலத்தில் அந்தத் தொகை கைக்கு வர, சுத்தியல் 6,36,000க்கு மேல் விழ வேண்டும். ஆனால் அவருடைய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காசோலை இந்த நாட்டில் 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. எல்லாம் வங்கிப் பரிமாற்றம்தான். "பணம் அனுப்பிவிட்டேன்" என்று போனில் காட்டும் குறுஞ்செய்தியைப் போலியாகத் தயாரிப்பது பிள்ளை விளையாட்டு. அப்பா விட்டுச்சென்ற சொத்தின் பெயரில் நிர்வாகி திறந்த வங்கிக் கணக்கில் பணம் வந்து நின்றதை வங்கியிலேயே பார்த்த பிறகுதான் சாவி. அண்ணனின் சொந்தக் கணக்குக்கு ஒரு காசும் போகக்கூடாது. காரும் பதிவுச் சான்றிதழும் கைமாறிய அன்றே உரிமை மாற்ற அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் அடுத்த அபராதச் சீட்டு அப்பாவின் பெயருக்கே வரும். பன்னிரண்டு வருட லைசென்ஸ் பாக்கியையும் சாலைத் தகுதிச் சான்றிதழ் செலவையும் யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள்.

நடுவில் ஒரு தரகர் "என் ஷோரூமில் நிறுத்துங்கள், விற்றுத் தருகிறேன்" என்று வந்தால், காரையும் கையெழுத்திட்ட பத்திரங்களையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வியாபாரியின் கையில் விற்பனைக்கென்று விட்டுவைத்த காரை நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து உரிமையாளர் திரும்பப் பெற முடியாமல் போன வழக்குகள் நம் நீதிமன்றங்களில் உண்டு.

என் தீர்ப்பு: எஞ்சின் எண்கள் ஒத்துவந்து, அசல் பெரானா என்று காட்டப் பத்திரம் இருந்தால், அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையோடு ஏலம். அப்படிப்பட்ட காருக்குச் சந்தை விலை எது என்று ஒரே ஒரு வாங்குபவர் சொல்லக் கூடாது. அதோடு, பலர் பார்க்க விழுந்த விலையை வைத்து "நீ மலிவாக விற்றுவிட்டாய்" என்று யாரும் அண்ணனைக் கேட்க முடியாது. எண்கள் ஒத்துவராவிட்டால் பிரிட்டோரியாக்காரரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்புக்கொண்டு, கிடைத்த விலைக்கு நேரில் விற்றுவிடுங்கள்; அந்தக் காருக்கு ஏல மேடை பொருந்தாது. வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: சொந்தப் பயன்பாட்டுக் காரின் விலை ஏற்றத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை.

அம்மாவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நான்கு வாரிசுகளும் மறுபங்கீட்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டால், காப்ரிக்கு ஒரு மதிப்பு போட்டு அதை அம்மாவின் பங்கிலேயே சேர்த்துவிடலாம், விற்பனையே வேண்டாம். அப்போது அவர் விரும்பினால் பேரனுக்கே பரிசாகவும் கொடுக்கலாம். ஏல நிறுவனத்தின் ஒப்பந்தம் மேசைக்கு வரும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து அதைக் கேளுங்கள். தம்பியையும் பெர்த்திலிருந்து போனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.