நோயாளர் கூட்டத்துக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்குச் சென்ற ஆண்டு சி.எம்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. தினமும் இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். சிகிச்சை பெறும் மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கக் கூட்டம் நடத்துகிறார்கள். “மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் நாலு பேர் கண்ணில் ஏன் பட வேண்டும்?” என்று அவர் வர மறுக்கிறார். அங்கே என்னதான் நடக்கும்? நான் மட்டும் போகலாமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: நீங்கள் தாராளமாகப் போகலாம், அம்மா. குடும்பத்தார் தனியாக வருவது இத்தகைய கூட்டங்களில் வழக்கமான ஒன்றுதான்.

உங்கள் கணவரின் தயக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சி.எம்.எல். பரம்பரை நோய் அன்று. ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஓர் உயிரணுவில், மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் இந்த நோய் உண்டாகிறது. அந்த மாற்றம் பிறந்த பிறகு மஜ்ஜையில் மட்டும் நேர்வது. பெற்றோரிடமிருந்து வந்ததும் அன்று, பிள்ளைகளுக்குப் போவதும் அன்று. (இந்த இரண்டு எண்களை முன்னிட்டே ஒன்பதாம் மாதமான செப்டம்பரின் 22ஆம் நாள் உலக சி.எம்.எல். நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.) உங்கள் மகளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை என்பதை ஒரு ரத்தநோய் மருத்துவர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கேட்பது, உங்கள் வீட்டில் பல மாதங்களாக இருக்கும் பாரத்தைக் குறைக்கும் என்று நம்புகிறேன்.

நோயை மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உறவினர் வீட்டுக்கு வந்தால் அன்றைய மாத்திரை தள்ளிப்போகும். திருமணத்துக்காக வெளியூர் போனால் மாத்திரை அட்டை வீட்டிலேயே தங்கிவிடும். இப்படித் தவறும் நாட்கள் மருத்துவரிடமும் சொல்லப்படுவதில்லை. லண்டனில் 87 சி.எம்.எல். நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இமாட்டினிப் மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தவறாமல் எடுத்துக்கொண்டவர்களில், ஆறு ஆண்டுகளுக்குள் நோயின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கான வாய்ப்பு 94.5 சதவீதமாக இருந்தது. 90 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களிடம் அது 28.4 சதவீதம்தான். மாதத்துக்கு மூன்று மாத்திரை விட்டுப்போனாலே ஒருவர் அந்த இரண்டாவது வரிசைக்கு வந்துவிடுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கூட்டத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. முதற்பகுதியில் மருத்துவர் நோயைப் பற்றியும், ரத்தத்தில் நோயின் அளவைக் கணக்கிட மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர். பரிசோதனை அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியும் விளக்குவார். அடுத்து வரும் கேள்வி நேரத்தில், கால் தசை இழுப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தோல் நிறம் வெளுத்துப்போவது ஆகிய பக்கவிளைவுகளைப் பற்றி ஒருவர் கேட்கும்போது, அதே தொல்லையை யாரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்த பலருக்கும் சேர்த்தே விடை கிடைக்கும். மாத்திரையை உணவோடும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடும் விழுங்கினால் குமட்டல் குறையும் என்பது போன்ற சிறிய செய்தி, மாத்திரையையே விட்டுவிட நினைத்த ஒருவரைத் தடுத்து நிறுத்தக்கூடியது. இமாட்டினிப்பை முதல் சிகிச்சையாகத் தொடங்கியவர்களைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 83 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். அந்த எண்ணை அறிக்கையில் படிப்பதைவிட, பல ஆண்டுகளாக அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது உங்கள் கணவருக்குக் கூடுதல் தெம்பைத் தரும்.

இந்தியாவில் சி.எம்.எல். நோயாளிகளுக்காக ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ என்ற அமைப்பும் பல நகரங்களில் கூட்டங்களை நடத்திவருகிறது. இதே நோயால் 1991இல் இறந்த மேக்ஸ் ரிவரோலா என்னும் இளைஞரின் நினைவாக, அவருடைய குடும்பத்தார் 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய மேக்ஸ் அறக்கட்டளையோடு தொடர்புடையது இது. அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்பதை உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். முதல் முறை நீங்கள் மட்டும் போய்வாருங்கள், கேட்டதைக் கணவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: என் ஆறு வயதுப் பேரன் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருகிறான். பெற்றோர் கூட்டத்துக்கு அவனையும் அழைத்துச் செல்லலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தீவிரமான மருந்துகள் கொடுக்கப்படும் கட்டத்தில் வேண்டாம், ஐயா. அப்போது குழந்தையின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். கூட்டத்தில் ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கும் தொற்று அவனுக்குக் கடுமையாகிவிடலாம். குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவனுடைய தாய், தந்தை இருவரையுமே அனுப்புங்கள். தாய் மட்டும் போய் வந்து தந்தைக்குச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் நடு இரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது இருவருக்கும் நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வீட்டிலேயே மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பள்ளிக்கு எப்போது திரும்பலாம், அக்கம்பக்கத்தில் சின்னம்மை வந்தால் யாரிடம் சொல்வது, நோயுற்ற குழந்தைக்கே கவனம் எல்லாம் போவதால் வாடும் மற்றப் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்பவற்றையும் அங்கே கேட்கச் சொல்லுங்கள். கேள்விகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: சி.எம்.எல். நோயாளியான நான் சென்ற கூட்டத்தில், மாத்திரையை நிறுத்திய பிறகும் நலமாக இருக்கும் ஒருவரைச் சந்தித்தேன். நானும் நிறுத்திப் பார்க்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது. அவர் நிறுத்தியது அவருடைய மருத்துவரின் கண்காணிப்பில்தானா என்பதை முதலில் கேட்டறியுங்கள். பல ஆண்டுகள் மருந்து எடுத்து, நோயின் அளவு மிக ஆழமாகக் குறைந்து, அந்த நிலை குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது மாறாமல் நீடித்தவர்களிடம் மட்டுமே மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள். அப்படி நிறுத்தியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். அந்தக் காலத்தில் மாதந்தோறும் பி.சி.ஆர். பரிசோதனை செய்து, எண் ஏறியதும் மாத்திரையைத் தொடங்குவதால்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோய் ஆழமாகக் குறைந்திருந்த பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். கடந்த சில ஆண்டுகளின் பரிசோதனை அறிக்கைகளைத் தேதி வரிசையில் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அவர் சொல்லும்வரை இன்றைய மாத்திரையை இன்றே சாப்பிடுங்கள்.